ஆஷின் பெயரில் ஓர் ஆணை

குற்றாலத்தைப் பற்றி ஒரு கதை பல ஆண்டுகளாகச் சுற்றி வருகிறது. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்களும் உயர்சாதிக்காரர்களும் மட்டுமே பேரருவியில் குளித்தார்களாம். தாழ்த்தப்பட்டவர்கள் அந்தப் பக்கமே வரக்கூடாதாம். திருநெல்வேலி கலெக்டராக இருந்த ஆஷ் துரை இதைக் கண்டு மனம் பொறுக்காமல், அருவி எல்லோருக்கும் பொது என்று ஆணை போட்டாராம். இதை ஒட்டியே இன்னொரு கதையும் வரும். பிரசவ வலியில் துடித்த ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணை ஆஷ் தன் வண்டியில் ஏற்றி, அக்ரகாரத் தெரு வழியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாராம். அந்த ஆத்திரத்தில்தான் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுக் கொன்றாராம்.

மேடைப் பேச்சில் வந்தது, கட்டுரைகளில் வந்தது, இப்போது பின்னணி இசையோடு காணொளிகளிலும் வருகிறது. சொல்லப்படும் இடங்களில் ஆணை பிறந்த நாள் வருவதில்லை, அதன் எண் வருவதில்லை. அந்தப் பெண்ணின் பெயரோ ஊரோ வருவதில்லை. பிறந்த குழந்தை பிழைத்ததா என்பதுகூட வருவதில்லை. ஒரு பெண்ணின் உயிர்ப் போராட்டத்தைச் சொல்வதாகத் தொடங்கும் கதை, அவளைப் பாதித் தெருவிலேயே இறக்கிவிட்டுத் துப்பாக்கியின் பின்னால் போய்விடுகிறது.

தேடிப் பார்க்க இடமில்லாத காலமும் அல்ல அது. பிரிட்டிஷ் ஆட்சி காகிதத்தால் நடந்த ஆட்சி. கலெக்டர் கச்சேரியின் கடிதப் போக்குவரத்து சென்னை ஆவணக் காப்பகத்துக்குப் போயிருக்கிறது. எச்.ஆர். பேட் எழுதிய திருநெல்வேலி கெஜட்டியர், ஆஷ் இறந்த சில ஆண்டுகளிலேயே, 1917இல் வெளியாகிவிட்டது. ஆஷ் கொலை வழக்கின் சாட்சியங்களும் தீர்ப்பும் இருக்கின்றன. ஆ.இரா. வேங்கடாசலபதி ஆஷின் தடத்தைத் தேடிப் பல ஆண்டுகள் உழைத்து ‘ஆஷ் அடிச்சுவட்டில்’ எழுதியிருக்கிறார். அக்ரகாரம் செங்கோட்டையில் இருந்தது என்று சொல்லும் வடிவத்துக்கு வேறொரு சிக்கலும் உண்டு. செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. திருநெல்வேலி கலெக்டரின் அதிகாரம் அந்தத் தெருவில் செல்லாது. அந்தத் தெரு வழியாக அவர் போயிருக்கவே முடியாது என்று இதனால் ஆகிவிடாது. ஆனால் கதையைப் படமாக்கப் புறப்பட்டவர் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

உறுதியாகத் தெரிந்தவை வேறு. ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ் அயர்லாந்தைச் சேர்ந்தவர், ஐ.சி.எஸ். அதிகாரி. 1908 மார்ச்சில் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதை எதிர்த்துத் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் கொதித்தெழுந்தபோது அவர் தூத்துக்குடியில் சப்-கலெக்டர். சுதேசிக் கப்பல் கம்பெனியை நசுக்கியவர்களில் ஒருவர் என்று சுதேசி இயக்கத்தார் அவரை வெறுத்தார்கள். 1911 ஜூன் 17 அன்று மனைவியோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டவரை மணியாச்சி சந்திப்பில் ரயில் பெட்டிக்குள் வைத்து வாஞ்சி சுட்டார். பிறகு நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடித் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவருடைய சட்டைப் பையில் ஒரு கடிதம் இருந்தது.

அருவி பற்றிய கதைக்கு ஆதாரம் காட்டப்படவில்லை என்று சொன்னதும் ஒரு பதில் வரும். அந்தப் பதிலை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சாதி ஒதுக்கம் இந்த மண்ணில் இருந்ததா இல்லையா? கோயில் வாசலில், குளத்துப் படித்துறையில், தேர் ஓடும் தெருவில் கோடிக்கணக்கானவர்கள் தள்ளி நிறுத்தப்பட்டது பொய்யா? அந்தப் பெரிய உண்மையைச் சொல்ல ஒரு சிறிய சம்பவத்தைக் கற்பித்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? இதைக் கேட்பவர்களில் பலர் நேர்மையானவர்கள். தங்கள் பாட்டன் பூட்டன் பட்டதை யாரும் எழுதி வைக்கவில்லையே என்ற வேதனையிலிருந்து கேட்கிறார்கள். ஆகவே அந்தக் கேள்வியை அதன் முழு பலத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்குத் தமிழிலேயே பெரிய சாட்சி ஒன்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் பாடிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் ஒரு வேதியர் வருகிறார். நந்தன் அவரிடம் பண்ணையாள். சிதம்பரம் போக உத்தரவு கேட்டு அவர் காலில் விழுகிறான். முதலில் வயல் வேலையை முடி என்று விரட்டப்படுகிறான். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இந்த வேதியர் கிடையாது. பாரதியார் தஞ்சை வயல்களில் கண்ட அடிமைத்தனத்தை ஓர் ஆளாக்கி நந்தன் முன் நிறுத்தினார். அந்தக் கற்பனை எத்தனை ஆயிரம் மனங்களைச் சுட்டிருக்கும்! இன்று நந்தன் கதை என்றாலே அந்தப் பண்ணையார்தான் முதலில் நினைவுக்கு வருகிறார். வரலாறு சொல்லாத ஒன்றைச் சொல்லியும் பாரதியார் உண்மையின் பக்கமே நின்றார்.

அப்படியானால் ஆஷ் ஆணையை மட்டும் ஏன் மறுக்க வேண்டும்? கீர்த்தனை கேட்க உட்கார்ந்தவர் என்ன கேட்கப் போகிறோம் என்று தெரிந்தே உட்கார்ந்தார். ராகம் உண்டு, தாளம் உண்டு, பாடுகிறவர் உண்டு. அது கலை என்பதைக் கலையே அறிவித்துவிடுகிறது. ஆவணப்படம் வேறொரு வாக்குறுதியைக் கொடுத்துவிட்டுத் தொடங்குகிறது. இது நடந்தது, இந்த இடத்தில் நடந்தது, இவருக்கு நடந்தது என்று அது சொல்கிறது. அந்த நம்பிக்கையில்தான் பார்ப்பவர் சந்தேகத்தைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருகிறார். நம்பிக்கையைக் கொடுத்தவர் முன்னிலையிலேயே அதைச் செலவழிப்பது ஒரு கடன். திருப்பிச் செலுத்த வேண்டிய கடன். கற்பனையைக் கற்பனையாகத் தருகிறவருக்கு இந்தக் கடன் இல்லை.

ஆவணப்படத்தின் வரலாறே இந்த இடத்தில் சுத்தமாகத் தொடங்கவில்லை. 1922இல் ராபர்ட் ஃபிளாஹர்ட்டி எடுத்த ‘நானூக் ஆஃப் த நார்த்’ படத்தில் ஆர்க்டிக் மக்கள் ஈட்டியால் வேட்டையாடுகிறார்கள். அந்த நாளில் அவர்கள் கையில் துப்பாக்கி வந்துவிட்டது. நாயகனின் பெயரே நானூக் இல்லை, அல்லகரியல்லக். பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதாததால் ஒரு பக்கச் சுவர் இல்லாத வீடு கட்டி, அதற்குள் குளிரில் குடும்பத்தைப் படுக்கவைத்துப் படம் பிடித்தார்கள். ஒரு மக்கள் கூட்டத்தின் பழைய வாழ்வை அழியாமல் காட்ட வேண்டும் என்ற ஆசை உண்மையானது. ஆனால் உயிரோடு இருந்த அந்த மனிதர்களின் அன்றைய வாழ்வு, அவர்கள் கண் எதிரிலேயே அழிக்கப்பட்டுவிட்டது. தமிழர் ஒருவர் இதே வேலையைத் தொடங்கியபோது வேறு வழியில் போனார். ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றி, காந்தியை யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடித் தேடிச் சேகரித்து, 1940இல் தமிழ் விளக்க உரையோடு வெளியிட்டார். கிடைக்காததைத் தேடுவது எவ்வளவு கடினமான வேலை என்பதற்கு அந்தப் பயணமே சாட்சி.

குற்றாலத்தில் பொய் சொல்ல ஒரு பொய்ப் படம்கூட எடுக்கத் தேவையில்லை. இதைத்தான் படத்தொழில் செய்பவர்கள் கவனிக்க வேண்டும். ஜூலை மாதம், சீசன் நேரம். பேரருவியின் கீழே ஆயிரம் பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். யார் என்ன சாதி என்று தண்ணீருக்குத் தெரியாது. அது அப்பட்டமான உண்மைக் காட்சி. அதன் மேல் ஒரு கம்பீரமான குரல், ‘இந்த உரிமையை வாங்கித் தந்தவர் கலெக்டர் ஆஷ்’ என்று சொன்னால் போதும். படம் உண்மை, அருவி உண்மை, ஆஷ் என்ற மனிதர் உண்மை. படமும் குரலும் சேரும் தையலில்தான் பொய் இருக்கிறது. அடுத்ததாகப் பாளையங்கோட்டையில் உள்ள ஆஷின் கல்லறையைக் காட்டினால் பார்ப்பவருக்குக் கண் கலங்கிவிடும். கலங்கிய கண் கேள்வி கேட்காது. ‘ஆதாரம் உறுதியில்லை’ என்று திரையின் ஓரத்தில் இரண்டு நொடி எழுத்துப் போட்டுத் தப்பித்துக்கொள்வதும் நேர்மை ஆகாது. எழுத்து மறந்துவிடும், படம் நிற்கும். எடிட்டிங் மேசையில் உட்கார்ந்தவருக்கு இது நன்றாகவே தெரியும்.

இந்தப் பொய் ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையும் பாதி உண்மையாகிவிடும். வாஞ்சியின் பையில் இருந்த கடிதத்தை எத்தனை விழாக்களில் முழுதாகப் படிக்கிறார்கள்? மூவாயிரம் பேர் சபதம் எடுத்திருக்கிறோம் என்ற பகுதி வரும், அந்நியரை விரட்டும் ஆவேசம் வரும். சனாதன தர்மத்தை மிதிக்கிறார்கள் என்ற முறையீடும், முடிசூடப்போகும் ஜார்ஜ் மன்னரைப் பசு மாமிசம் தின்பவர் என்றும் பஞ்சமன் என்றும் இழித்த வரியும் வராது. ஐந்தாம் ஜார்ஜ் என்பதால் பஞ்சமன் என்றார், அவ்வளவுதான் என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். அந்த விளக்கத்தையும் கேட்கலாம். கேட்ட பிறகு, பசு மாமிசத்தின் பக்கத்தில் அந்தச் சொல் என்ன வேலை செய்கிறது என்று மக்களே முடிவு செய்யட்டும். அதற்கு வரி முழுவதும் திரையில் தெரிய வேண்டும். இருக்கும் ஆவணத்தில் பாதியை மறைப்பவருக்கும், இல்லாத ஆவணத்தை உண்டாக்குபவருக்கும் நோக்கம் எதிரெதிராக இருக்கலாம். பார்ப்பவருக்கு இருவரும் செய்வது ஒரே துரோகம். இந்த முதல் மறைப்பு இவ்வளவு காலம் நடந்திராவிட்டால் இரண்டாவது கதைக்கு இவ்வளவு தாகம் பிறந்திருக்காது என்றே தோன்றுகிறது.

அந்தக் கடிதம் ஒரு மனிதருக்குள் எத்தனை சரக்கு ஒன்றாகக் கிடந்தது என்பதைக் காட்டுகிறது. நாட்டுப்பற்று, மதப்பற்று, சாதி மேட்டிமை, உயிரைத் துச்சமாக மதிக்கும் துணிவு எல்லாம் ஒரே தாளில் இருக்கின்றன. அவற்றைப் பிரித்து ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் உரிமை படமெடுப்பவருக்குக் கிடையாது. தியாகியின் சிலைக்கும் வில்லனின் உருவத்துக்கும் கலவை பிடிக்காது. ஆவணப்படத்துக்குக் கலவைதான் உயிர்.

ஆவணம் என்று இருந்துவிட்டாலே அது உண்மை ஆகிவிடுமா? இங்கேதான் தென்காசி வருகிறது. ஆஷ் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நீலகண்ட பிரம்மச்சாரி தென்காசியில் நடத்திய ரகசியக் கூட்டத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். காளி படத்தின் முன் குங்குமம் கரைத்த நீரை வெள்ளையன் ரத்தம் என்று பாவித்துக் குடித்தார்கள், விரலைக் கீறி ரத்தத்தில் அடையாளம் வைத்தார்கள் என்ற வர்ணனையைப் படித்தால் எந்த இயக்குநருக்கும் கை துறுதுறுக்கும். குத்துவிளக்கு, இருட்டு, தாமிரச் செம்பு, நெருக்கத்தில் ஒரு விரல். ஆனால் இந்த வர்ணனை எங்கிருந்து வருகிறது? ஆஷ் கொலை வழக்கில் அரசுத் தரப்புக்கு அப்ரூவர்கள் பெரிய துணை. அப்ரூவர் என்பவர் தன் கழுத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறவர். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம், போலீஸ் கேட்க விரும்பியதாகவும் இருக்கலாம். வழக்கை விசாரித்த மூன்று நீதிபதிகளில் ஒருவரான சி. சங்கரன் நாயர் தனித் தீர்ப்பு எழுதினார். நீதிமன்றத்துக்குள்ளேயே ஒரே குரல் இல்லாதபோது, திரையில் மட்டும் அந்த இரவு ஐயமே இல்லாமல் நடந்து முடிவது எப்படிச் சரியாகும்?

நடித்துக் காட்டுவதே பாவம் என்று சொல்ல வரவில்லை. அதை நேர்மையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். எரால் மாரிஸ் 1988இல் ‘த தின் புளூ லைன்’ என்ற படத்தை எடுத்தார். டல்லாஸ் நகரில் 1976இல் ஒரு போலீஸ்காரர் கொலையான இரவை அதில் மறுபடி மறுபடி நடித்துக் காட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு சாட்சி சொன்னபடி காட்சி மாறுகிறது. எது நடந்தது என்று எந்தக் காட்சியும் அடித்துச் சொல்லவில்லை. இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார் என்றுதான் காட்டுகிறது. பொய் எந்தச் சாட்சியத்தில் இருக்கிறது என்பது பார்ப்பவருக்கே புலப்பட்டுவிடுகிறது. கொலைகாரர் என்று சிறையில் கிடந்த ராண்டல் டேல் ஆடம்ஸ் அடுத்த ஆண்டே வெளியே வந்தார். கற்பனைக் காட்சி உண்மையைக் காப்பாற்றிய இடம் அது. அதே முறையில் தென்காசிக் கூட்டத்தையும் எடுக்கலாம். அப்ரூவர் சாட்சிக் கூண்டில் நின்று பேசுவதையும் காட்ட வேண்டும். தீர்ப்புகள் எங்கே பிரிகின்றன என்பதையும் காட்ட வேண்டும். காட்சியின் வீரியம் அதனால் குறையாது.

இனி, மிகக் கடினமான எதிர்வாதம். ஆவணம் எழுதும் கை யாருடையது? தாசில்தாருடையது, கர்ணத்துடையது, ஜமீனுடையது. அருவிக்கரையில் விரட்டப்பட்டவர் புகார் மனு எழுதவில்லை, எழுதத் தெரிந்திருந்தாலும் வாங்க ஆள் இல்லை. அவரிடம் போய் எழுத்து ஆதாரம் கொண்டுவா என்று கேட்பது, அவரை இரண்டாம் முறையாக அருவிக்கு வெளியே நிறுத்துவதுதான். இந்த வாதத்தில் நியாயம் முழுவதுமாக இருக்கிறது. காகிதத்தில் இல்லாததெல்லாம் நடக்கவில்லை என்று சொல்லும் வரலாறு அதிகாரத்தின் கணக்குப் புத்தகம் மட்டுமே.

ஆனால் வாய்மொழி நினைவுக்கும் அநாமதேயக் குரலுக்கும் வித்தியாசம் உண்டு. தென்காசிப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு மூதாட்டி, ‘எங்கம்மா இந்தப் படித்துறைக்கு வரமாட்டா, வந்தா அடிப்பாங்க’ என்று சொன்னால் அதற்கு மேல் எந்த முத்திரைத்தாளும் தேவையில்லை. அவருடைய முகம் திரையில் இருக்கும். யாரிடம் கேட்டார், எந்த வயதில் கேட்டார் என்று அவரே சொல்வார். நாள் தவறலாம், துரையின் பெயர் மாறலாம். அந்த அடி தவறாது. ஆஷ் துரைதான் எங்களைக் குளிக்கவிட்டார் என்று அவரே சொன்னாலும், அவர் நம்பிக்கையாக, அவர் வாயால் அதைப் பதிவு செய்யலாம், செய்ய வேண்டும். ஒரு சமூகம் தனக்கு இரங்கிய ஒரு அதிகாரி இருந்திருக்க வேண்டும் என்று ஏங்கியதும் வரலாறுதான். படமெடுப்பவர் அந்தக் குரலை எடுத்து, பேசியவரை நீக்கிவிட்டு, எல்லாம் தெரிந்த பின்னணிக் குரலாக மாற்றும்போதுதான் தவறு நடக்கிறது. அப்போது அந்த மூதாட்டியும் இரண்டாம் முறையாகக் காணாமல் போகிறார்.

ஆஷ் ஆணைக் கதையால் அதிகம் இழப்பவர்கள் யார் என்று பார்த்தால் மனம் வலிக்கிறது. நாளை ஒருவர் எழுந்து, ஆணையைக் காட்டு என்பார். காட்ட முடியாது. உடனே, அருவிக் கதை பொய், ஆகவே சாதிக் கொடுமைக் கதைகள் எல்லாமே இப்படித்தான் என்று கைகழுவ அவருக்கு வசதியாகிவிடும். சாட்சியம் ஏராளமாக உள்ள ஒரு வழக்கைப் பொய்ச் சாட்சி ஒருவர் தோற்கடித்துவிடுவார்.

அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று. மக்கள் போராடி எடுத்துக்கொண்டதை ஒரு வெள்ளை அதிகாரி கருணையால் கொடுத்ததாக இந்தக் கதை மாற்றுகிறது. பிரிட்டிஷ் ஆட்சி ஒதுக்கப்பட்டவர்களின் பக்கம் நின்றதா? கமுதி மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நாடார்கள் 1897இல் நுழைந்தார்கள். ராமநாதபுரம் அரசர் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போன அந்த வழக்கில், நுழைய உரிமையில்லை என்ற தீர்ப்பே 1908இல் உறுதியானது. ஆஷ் தூத்துக்குடியில் இருந்த அதே ஆண்டு. சாம்ராஜ்யத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம், மன்னரின் பெயரால், வாசலைச் சாத்தியது. நடுவில் 1899இல் சிவகாசி சூறையாடப்பட்டது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர், கக்கன் முதலானவர்களை அழைத்துக்கொண்டு நுழைந்த பிறகுதான் சென்னை மாகாணத்தில் கதவுகள் சட்டப்படி திறக்கத் தொடங்கின. இந்த நாற்பது ஆண்டுப் போராட்டத்தில் ஊர் பெயர் உண்டு, ஆள் பெயர் உண்டு, வழக்கு உண்டு, தீர்ப்பு உண்டு, சிந்திய ரத்தமும் உண்டு. இதைப் படமாக எடுக்க ஒரு வரியும் புனைய வேண்டாம். ஆனாலும் காணொளிகளில் ஓடுவது துரையின் கதைதான். கருணைக் கதை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். போராட்டக் கதைக்கு உழைப்பு வேண்டும்.

குற்றாலத்துக் கதையைச் சொல்ல விரும்புகிறவருக்கு அந்த உழைப்பு இன்னும் காத்திருக்கிறது. அருவியில் தடை இருந்ததா, இருந்தால் எந்த இடத்தில், எந்த ஆண்டு வரை, யார் முதலில் மீறி இறங்கினார்கள், இறங்கியவரை யார் என்ன செய்தார்கள் என்று செங்கோட்டை, இலஞ்சி, மேலகரம், தென்காசிச் சுற்று ஊர்களின் தெருக்களில் போய்க் கேட்க வேண்டும். பேரருவி பக்கத்தில் உள்ள கோயிலின் பழைய கணக்குகளையும், தென்காசித் தாலுகாவின் பழைய கோப்புகளையும் புரட்ட வேண்டும். காகிதம் இன்னும் சில காலம் பெட்டிக்குள் கிடக்கும். 1930களையும் 40களையும் பெற்றோர் வாயால் கேட்டுத் தெரிந்தவர்களுக்கு இப்போது எண்பதுக்கு மேல் ஆகிவிட்டது. அவர்களிடம் முதலில் போக வேண்டும்.